துபாய்க்கு மூன்று பேர், மேலே இரண்டு பேர்

யேசு மரி சூசை துணை

சந்தாபுரா,
புதன்கிழமை காலை

அன்பு மகள் ஆஷாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் நாங்கள் இருவரும் சுகம். உன் அப்பாவுக்கு நேற்று இருந்த இருமல்கூட இன்று காலை அவர் அதை மறந்ததும் போய்விட்டது. நீயும் அந்த அயர்லாந்து மழையில் நனையாமல், வேளைக்குச் சாப்பிட்டு, வார்டில் இருக்கிற நோயாளிகளைப் பார்க்கிற மாதிரி உன்னையும் கொஞ்சம் பார்த்துக்கொண்டு நல்லபடியாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் தினமும் கேட்டுக்கொள்கிறேன். போனில் பேசுகிற அம்மா திடீரென்று பேப்பரும் பேனாவும் எடுத்துவிட்டாளே என்று பயப்படாதே, கெட்ட செய்தி ஒன்றும் இல்லை. விஷயம் உன் அப்பாவைப் பற்றியது, அவர் காதில் விழக்கூடாதது. நம் வீட்டில் போனில் ரகசியம் பேச முடியுமா, நீயே சொல். நீ அனுப்புகிற வாய்ஸ் மெசேஜை எல்லாம் அவர் ஸ்பீக்கரில் போட்டு வராந்தாவில் நடந்துகொண்டே கேட்கிறார். போன மாதம் உனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லியிருந்தாயே, மறுநாள் கேட்டில் இருக்கிற செக்யூரிட்டி என்னை நிறுத்தி, மேடம், பாப்பாவுக்கு இப்ப பரவாயில்லையா, மாதுளம்பழத் தோல் கொதிக்க வச்சுக் குடிக்கச் சொல்லுங்க என்கிறார். என் போனும் அவர் கையில்தான், சார்ஜ் போடுகிறேன் என்று எடுத்துப்போய் எல்லாவற்றையும் கேட்டுவிடுகிறார். அதனால்தான் கடிதம். எதிர்வீட்டு சந்திரம்மாவின் மகள் ஸ்னேஹா சனிக்கிழமை டப்ளின் திரும்புகிறாள், அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன், அங்கிருந்து உனக்குத் தபாலில் போட்டுவிடுவாள். அப்பா இப்போது முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார், அங்கே அரசியல் பேசி முடிக்க ஒரு மணி நேரமாவது ஆகும், அதற்குள் எழுதி முடிக்க வேண்டும், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் நல்ல செய்தி, இரண்டு பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. போலீஸ் விசாரணைக்கு வந்த கான்ஸ்டபிள் எதற்குத் துபாய் என்று கேட்டார், உன் அப்பா மகளைப் பார்க்க என்றார், மகள் துபாயிலா என்றால் இல்லை அயர்லாந்தில் என்றார். அந்த மனிதர் பேனாவை மூடிவிட்டார். பிறகு உன் அப்பா செய்தித்தாளின் ஓரத்தில் உலக வரைபடம் போட்டு, இதோ என் மகள், ஆறே நாள் லீவு, இங்கே வந்து திரும்பினால் பாதி லீவு வழியிலேயே போய்விடும், இதோ நாங்கள், அதனால் அவளும் கொஞ்சம் வருகிறாள், நாங்களும் கொஞ்சம் போகிறோம், நடுவில் துபாய் என்று கன்னடத்தில் கால் மணி நேரம் விளக்கினார். அவர் போட்ட படத்தில் இந்தியாவைவிடச் சந்தாபுரா பெரிதாக இருந்தது. கான்ஸ்டபிள் எல்லாம் கேட்டுவிட்டு ஒள்ளே மகளு, நல்ல மகள் என்று சொல்லி, காபி குடித்துவிட்டுப் போனார். ஆனால் நடு என்பது சரியில்லை, உனக்கு எட்டு மணி நேரப் பயணம், எங்களுக்கு நாலு மணி நேரம், பொண்ணு தலையில அதிகமா கட்டிட்டோம் என்று உன் அப்பாவுக்கு இன்னும் வருத்தம். உன்னைத் தொட்டுப் பார்த்து மூன்று வருடம் ஆகிறது ஆஷா. பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கிய அன்று நான் அதைப் புடவைக்கு நடுவில் வைத்துப் பூட்டினேன், பூட்டிய பிறகு மூன்று தரம் திறந்து பார்த்தேன்.

உன் அப்பா பயணத்துக்குத் திட்டம் போட்டிருக்கிறார். தங்கச் சுரங்கத்தில் பதினெட்டு வருடம் ஷிப்ட் பார்த்த ஆள், அவருக்கு நாள் என்றாலே ஷிப்ட்தான். அங்கே இருக்கப்போகிற நாலு நாளையும் ஃபர்ஸ்ட் ஷிப்ட், செகண்ட் ஷிப்ட் என்று பிரித்து சார்ட் பேப்பரில் சிவப்புப் பேனாவால் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டார். ஃபர்ஸ்ட் ஷிப்ட், படகில் ஏறி ஓடையைத் தாண்டுதல். செகண்ட் ஷிப்ட், மீன் காட்சிசாலை, அதில் சுறாமீனுக்கு மட்டும் நாற்பது நிமிடம். நடுவில் டிபன் பிரேக் அரை மணி. மெட்ரோ ரயில், நகைக்கடைத் தெரு, பாலைவனம், ஒட்டகம், பூந்தோட்டம், எல்லாம் இருந்தது. உலகத்திலேயே உயரமான அந்தக் கட்டடத்துக்கு நேரே மட்டும், கீழே நின்று பார்த்தல், பத்து நிமிடம் என்று இருந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் அந்தச் சுறாமீன் நாற்பது நிமிடத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் நீ அந்தச் செய்தி அனுப்பினாய், அப்பா பிறந்தநாளுக்கு சர்ப்ரைஸ், நூற்றிருபத்து நாலாவது மாடிக்கு மூன்று டிக்கெட் எடுத்துவிட்டேன், சூரியன் மறையும் நேரம், மேலே இருந்து ஊரே தெரியும் என்று. வழக்கம் போல ஸ்பீக்கரில்தான் கேட்டார். சந்திரம்மா அவர்கள் வீட்டு வாசலில் இருந்தே கை தட்டினாள். இவர் சிரித்தார், சிரித்துக்கொண்டே உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தார். மறுநாள் இடுப்பு பிடித்துக்கொண்டது என்றார். அதற்கு மறுநாள் காதில் ஏதோ ஓசை கேட்கிறது என்றார். அப்புறம் கறிவேப்பிலைச் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்றார், சந்திரம்மா ஊற்றுவாள் என்றதும், அவ அதிகமா ஊத்திடுவா என்றார். துபாயில் நல்ல காபி கிடைக்காது என்றார், அங்கே நம் ஊர் ஆட்கள்தான் பாதி என்றேன், அதான், நம்ம ஊர்க்காரனைப் பாக்க இன்னாத்துக்கு அவ்ளோ தூரம் என்றார். கடைசியில் ஒரு சாயங்காலம் டிவியை அணைத்துவிட்டு, கிரேஸ், நான் வர்ல, நீ மட்டும் போய்ட்டு வா, பாப்பா உன்னைப் பாத்தா போதும் என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். உன்னைப் பார்க்கவே விருப்பம் இல்லையோ, நீ நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போன கோபம் இன்னும் மனதில் இருக்கிறதோ என்று நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பேசாமல் இருந்தது அவருக்குத் தெரியவே இல்லை என்பது வேறு விஷயம்.

குட்டு வெளிப்பட்டது சூட்கேஸ் வாங்கப் போன இடத்தில். அவர் வராவிட்டாலும் எனக்குப் பெட்டி வேண்டுமே. ஓசூர் ரோட்டில் ஒரு மால், பெட்டிக் கடை ஐந்தாவது மாடியில். எனக்கு எஸ்கலேட்டர் என்றால் புடவை மாட்டிக்கொள்ளும் என்று பயம், அதனால் லிஃப்டில் போகலாம் என்றேன். உன் அப்பா சந்தோஷமாக, லிஃப்ட்னா நம்ம சுரங்கத்துக் கேஜ் மாதிரிதானே, எத்தினி வாட்டி ஏறி இறங்கி இருக்கேன் என்று எனக்கு முன்னால் ஏறிவிட்டார். கதவு மூடிய பிறகுதான் தெரிந்தது, அது முழுக்கக் கண்ணாடி லிஃப்ட். ஆஷா, நான் பொய் சொல்லவில்லை, இரண்டாவது மாடி தாண்டுவதற்குள் உன் அப்பா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, திரும்பிக் கதவைப் பார்த்து நின்று, கைக்கு எது கிடைத்ததோ அதைப் பிடித்துக்கொண்டார். கிடைத்தது, பக்கத்தில் நின்ற ஒரு பெரியவருடைய பெல்ட். அவர் அரைக்கால் சட்டை போட்டு, கையில் பெரிய வாளி நிறைய பாப்கார்ன் வைத்திருந்தார், பாவம். பாப்கார்ன் லிஃப்ட் முழுக்க மழை. மூன்றாவது மாடியில் கதவு திறந்தது, அவர் இறங்க வேண்டிய இடம். இவர் விடவில்லை. நாலாவது மாடி, விடவில்லை. ஐந்தாவது மாடியில் அந்த மனிதர் ரொம்ப மரியாதையாக, ஸார், பெல்ட்ட விட்டேள்னா நான் எறங்கிக்கறேன், இல்லேன்னா ரெண்டு பேருமா சேந்து எங்காத்துக்குப் போயிடலாம் என்றார். உன் அப்பா கண்ணைத் திறக்காமலே, சாரி சார், கீழ போற லிஃப்டா இது என்று கேட்டார்.

சூட்கேஸ் வாங்கவில்லை. உள் பக்கத்துப் படிக்கட்டில் இறக்கி, சாத்துக்குடி ஜூஸ் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தேன். பாதி ஜூஸ் உள்ளே போன பிறகுதான் வாய் திறந்தார். கீழ எவ்ளோ ஆழம் வேணா போறேன் கிரேஸ், மேல போய் எட்டிப் பாத்தா மட்டும் வயித்துல இன்னாவோ பண்ணுது, காலு என்னுது இல்லாத மாதிரி ஆயிடுது என்றார். சின்ன வயசில் இருந்தே இப்படியாம். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மைல் கணக்கில் பூமிக்கு அடியில் போய் வந்த மனிதர், கூண்டு மூடியிருக்கும், இருட்டாக இருக்கும், ஆழம் கண்ணுக்குத் தெரியாது, அதனால் ஒன்றும் செய்யாதாம். விமானம்கூடப் பரவாயில்லை, ஜன்னலை மூடிவிட்டு நடைபாதை ஓரத்து சீட்டில் உட்கார்ந்தால் அதுவும் கேஜ்தான் என்கிறார். முப்பத்தெட்டு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், எனக்குத் தெரியாது! அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக வெளிச்சமானது. இந்த அபார்ட்மெண்ட் வாங்கும்போது மூன்றாவது மாடியில் நல்ல காற்றோட்டமான வீடு இருந்தும் கீழ்வீடுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாரே, எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் என் மனைவிக்கு முழங்கால் வலி என்று சொல்லியிருக்கிறார். பதினோரு வருடமாக நானும் யோசிக்கிறேன், பிளாக்கில் இருக்கிற ஒவ்வொருத்தியும் ஏன் எனக்குத் தைலம் கொண்டுவந்து கொடுக்கிறாள் என்று. என் முழங்கால் நன்றாகத்தானே இருக்கிறது. ஊர் மரியாதைக்காக அதையும் தேய்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

உன்மேல் கோபம் இல்லை என்று தெரிந்ததில் எனக்குப் பாதி பாரம் இறங்கியது. ஆனால் உன்னிடம் மட்டும் சொல்லிவிடக் கூடாது என்று அங்கேயே என் கையைப் பிடித்து சத்தியம் வாங்கிக்கொண்டார். எங்க அப்பா பூமிக்குள்ள போய் தங்கம் எடுத்தவர்னு ஸ்கூல்ல பீத்திகினு இருந்த பொண்ணு, அதுங்கிட்ட போய் இதைச் சொல்லுவியா என்றார். வாயால் சொல்ல மாட்டேன், போனிலும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். எழுதுவதைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. ஃபாதரிடம் கேட்டால் இது பாவமில்லை என்றுதான் சொல்வார் என்று நினைக்கிறேன், ஆனால் கேட்கவில்லை.

பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும் என்று நான்தான் ஆரம்பித்தேன். நம் கட்டடம் நாலு மாடி, தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு மொட்டை மாடிக்குக் கூட்டிப்போவது, நடுவில் இருக்கிற பெரிய கறுப்புத் தண்ணீர்த் தொட்டியில் ஆரம்பித்து, நாளுக்கு ஓர் அடி கைப்பிடிச் சுவர் பக்கம் நகர்வது, இதுதான் என் திட்டம். முதல் நாள் தொட்டியைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடி ஜெபமாலை சொன்னார். இரண்டாம் நாளும் அதேதான். மூன்றாம் நாள் துணி எடுக்க வந்த சந்திரம்மா பார்த்துவிட்டு, ஏனு கிரேஸ், நிம்ம யஜமான்ரு, உங்க வீட்டுக்காரர், ஏன் தொட்டியைக் கட்டிப்பிடித்து நிற்கிறார் என்று கேட்டாள். எனக்கு வாயில் என்ன வந்ததோ தெரியவில்லை, மூச்சுப் பயிற்சி என்று சொல்லிவிட்டேன். ஆஷா, அந்த ஒரு வார்த்தை செய்த வேலை இருக்கிறதே! மறுநாள் சாயங்காலம் இரண்டாவது மாடி சுந்தரமூர்த்தி சார் வந்துவிட்டார், அவருக்கு ரத்தக்கொதிப்பு. அவரும் தொட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துக் கண்ணை மூடி நின்றார். பகல் முழுக்க வெயிலில் காய்ந்த தொட்டி, சாயங்காலம் தொட்டால் வெந்நீர் ஒத்தடம் மாதிரி இதமாக இருக்கும், அவருக்குச் சுகமாக இருந்திருக்கிறது. கீழே போய் ரத்தக்கொதிப்பு பார்த்தால் குறைந்திருக்கிறது. ஒரு வாரத்தில் ஒன்பது பேர். தொட்டியைச் சுற்றிக் கை கோத்து, கண்ணை மூடி, ஒருவரும் பேசாமல் அரை மணி நேரம் நிற்கிறார்கள். உன் அப்பாவின் உதடு அசைவதைப் பார்த்து, என்ன மந்திரம் என்று கேட்டார்கள், அவர் அருள் நிறைந்த மரியே என்றார், சுந்தரமூர்த்தி சார் அதையே முருகனுக்கு மாற்றிச் சொல்கிறார். தொட்டி கழுவ வந்த ஆள் ஏணியை வைத்துக்கொண்டு அரை மணி காத்திருந்து, கடைசியில் அவரும் ஓர் ஓரமாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை அபார்ட்மெண்ட் சங்கத்து செகரெட்டரி ப்ரஹ்லாத் அதை வகுப்பாகவே அறிவித்துவிட்டார். அவர் எப்போதும் எதையும் அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோக நினைக்கிற மனிதர். எல்லாரும் கூடியதும், சார், தொட்டி எல்லாருக்கும் பழகிப்போச்சு, இவத்து, அதான் இன்னிக்கு, எல்லாரும் கைப்பிடிச் சுவர்கிட்ட போய் நின்னு சூரியாஸ்தமனத்தைப் பாத்து மூச்சு விடலாம், நீங்க மொதல்ல போங்க, நாங்க பின்னாடி வர்றோம் என்றார். பதினோரு பேர் திரும்பி உன் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் தொட்டியை விட்டார். ஓர் அடி வைத்தார், இரண்டு, மூன்று, நாலாவது அடியில் துணி காயப்போடுகிற கொடிக் கம்பிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார், நெற்றியெல்லாம் வேர்வை. அப்புறம் மெதுவாகத் திரும்பி, இந்தப் பயிற்சில ஓரத்துக்குப் போகக் கூடாது, சக்தி எல்லாம் நடுவுலதான் இருக்கு என்றார். ஆஹா என்று எல்லாரும் மறுபடியும் தொட்டியைப் பிடித்துக்கொண்டார்கள். ப்ரஹ்லாத் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

எல்லாரும் இறங்கின பிறகு நாங்கள் இரண்டு பேரும் தொட்டி நிழலில் உட்கார்ந்தோம். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவரும் கொஞ்சம் சிரித்தார். பிறகு, பத்து நாள்ல நாலு அடி கிரேஸ், துபாய்க்கு இன்னும் இருபது நாள்தான் இருக்கு, நூத்தி இருபத்து நாலு மாடிக்கு எத்தினி வருஷம் ஆவும் என்றார். அப்புறம் அவரே, நான் வர்றேன், துபாய்க்கு வர்றேன், அந்தப் பில்டிங் வரைக்கும் வர்றேன், ஆனா நீயும் பாப்பாவும் மேல போங்க என்றார். நீ தனியாக என்ன செய்வாய் என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ராக்பர்ஸ்ட் ஆன நாள்ல எல்லாம் நீ சுரங்கத்து ஷாப்டு வாசல்ல வந்து நிப்ப இல்ல, நான் மேல வர்ற வரைக்கும், எத்தினி வாட்டி நின்னிருப்ப, இந்த வாட்டி நான் கீழ நிக்கிறேன், நீங்க ரெண்டு பேரும் இறங்கி வர்ற வரைக்கும் எங்கயும் போ மாட்டேன் என்றார்.

அந்த நாளெல்லாம் உனக்குத் தெரியாது ஆஷா. பூமிக்குள் பாறை வெடித்தால் வீட்டில் பாத்திரம் உருளும், உடனே நாங்கள் பெண்கள் எல்லாரும் போட்டது போட்டபடி ஓடுவோம். கூண்டு கூண்டாக ஆட்கள் மேலே வருவார்கள், எல்லார் முகமும் ஒரே தூசி, யார் யார் என்று தெரியாது, நான் உன் அப்பாவை நடையை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். நீ வயிற்றில் இருந்தபோது ஒரு தரம் நாலு மணி நேரம் நின்றேன். அவர் வெளியே வந்து, இன்னாத்துக்கு வெயில்ல நிக்கிற, போ வீட்டுக்கு என்று திட்டிவிட்டு முன்னால் நடந்தார். நான் நின்றதை அவர் கணக்கிலேயே வைக்கவில்லை என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இதுதான். உனக்கு எதுவும் தெரியாது. அடுத்த தடவை போன் பேசும்போது, அப்பா, எடுத்த மூன்று டிக்கெட்டில் ஒன்று உறுதியாகவில்லையாம், மேலே போக இரண்டு பேருக்குத்தான் இடம் கிடைத்தது, நீங்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று நீயாகவே வருத்தமாகச் சொல். சிரிக்காமல் சொல். அவர் கொஞ்சம் கோபித்துக்கொள்வது போல நடிப்பார், அதையும் நம்பு. அவர் உட்கார்ந்திருக்க அந்தத் தண்ணீர் ஆடுகிற இடத்துக்குப் பக்கத்தில் நிழலாக ஓர் இடம் பார்த்து வை. கண்ணாடித் தரை இருக்கிற இடத்துக்கு எங்கேயும் கூட்டிப்போகாதே, படம் மாட்டுகிற சட்டம் மாதிரி இருக்கிற ஒரு கட்டடத்தை வீடியோவில் பார்த்துவிட்டு அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. பாலைவனத்தில் மணல் மேட்டில் ஜீப் ஏறி இறங்குமாமே, அதைப் பற்றி இன்னும் அவருக்குத் தெரியாது, அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். உனக்குத் தட்டை முறுக்கும் பூண்டு ஊறுகாயும் கொண்டுவருகிறேன், ஊறுகாய் பெட்டியில் கொட்டினால் என்னைத் திட்டக் கூடாது. நீ போன தடவை வீடியோவில் கழுத்தெலும்பு தெரிய இருந்தாய், டயட் என்று சொல்லாதே, வந்து இறங்கும்போது கொஞ்சமாவது சதை போட்டு வா. விமான நிலையத்தில் எங்களுக்கு முன்னால் நீ வந்துவிடு, வெளியே வருகிற வாசலில் நின்றுகொண்டிரு, எங்களுக்கு அங்கே யாரையும் தெரியாது.

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், உன் கை பட்ட நோயாளி எல்லாரும் எழுந்து நடக்கட்டும், உனக்கு எந்தக் குறையும் வராதிருக்கட்டும். கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. இரண்டு பேருக்குத்தான் இடம் என்று வாயால் சொன்னால் போதும், மூன்றாவது டிக்கெட்டை ரத்து செய்துவிடாதே, உன் கைப்பையிலேயே வைத்திரு. அந்த மனிதர் லிஃப்ட் வாசல் வரைக்கும் வந்து எந்த நிமிஷத்தில் என்ன செய்வார் என்று முப்பத்தெட்டு வருடம் ஆகியும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா
கிரேஸ் வின்சென்ட்